வீட்டுப் பொருள்களும் பிள்ளை விளையாட்டும்

பிள்ளைகள் விளையாடுவதைக் கண்டு மகிழாதார் எவருமில்லை. ஆயினும், அவ்விளையாட்டினால் விளையும் பயனை அறிந்து அதற்கு இடமளிப்போர் மிகச் சிலரே. பிள்ளை மணலை அளைந்தால், "உடுப்பை ஊத்தையாக்காதே" என்று தாய் தடுக்கிறாள். சட்டி மூடிகளை எடுத்துத் தட்டினால், "குழப்படி செய்யாதே" என்று தந்தை அதட்டுகிறார். வாளி நீரிற் கையை விட்டால், தடிமன் பிடிக்குமென்று அம்மம்மா அஞ்சுகிறார். ஈற்றில் அப்பிள்ளை ஒன்றுமே செய்யாது விறாந்தையின் ஒரு மூலையில் அடங்கியிருந்தால், "நல்ல பிள்ளை" என்று யாவரும் ஒருமுகமாய்ப் பாராட்டுகின்றனர். அந்தப் பாராட்டு அப்பிள்ளைக்குச் செய்யும் தீங்கை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இவ்வாறு தடுக்கும் பெற்றோர் பிள்ளையிடத்து அன்பில்லாதவர் அல்லர். உடலுழைத்துத் தேடிய பணத்தை மிச்சம்பிடித்து, கோவில் திருவிழாக் கடையிலோ நகரத்துக் கடையிலோ மின்கலத்தால் ஓடும் மோட்டார் வண்டியொன்றை வாங்கிக் கொடுப்பவரும் அவர்களே. அவ்வண்டி மூன்றாம் நாள் ஓட மறுக்கிறது. ஏழாம் நாள் சில்லுக் கழன்று கட்டிலின் கீழ்க் கிடக்கிறது. ஆனால், வண்டி வந்த கடதாசிப் பெட்டி மட்டும் பல வாரங்களுக்குப் பிள்ளையின் கையை விட்டு அகல்வதில்லை. அது ஒரு நாள் வீடாகிறது. ஒரு நாள் வள்ளமாகிறது. மற்றொரு நாள் பூனைக்குட்டியின் படுக்கையாகிறது. விலைகொடுத்து வாங்கிய வண்டி ஒரே தொழிலைத்தான் செய்யும்; அதனையும் தானே செய்துவிடும். பெட்டியோ தானாக ஒன்றும் செய்வதில்லை. ஆதலின், செய்யவேண்டிய அனைத்தையும் பிள்ளையின் உள்ளமே செய்யவேண்டியதாகிறது. விளையாட்டுப் பொருளின் பெறுமதியை அளக்கும் கோல் இதுவே: பொருள் எவ்வளவு குறைவாகச் செய்கிறதோ, பிள்ளை அவ்வளவு மிகுதியாகச் செய்யும்.

இவ்வுண்மை இன்று இலங்கையின் பல இல்லங்களுக்கு ஆறுதலளிக்க வல்லது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி, பால்மாவுக்கும் அரிசிக்கும் கணக்குப் பார்க்கும் நிலைக்குப் பல குடும்பங்களைத் தள்ளியது. அத்தகைய வீட்டில் விளையாட்டுப் பொருளுக்குப் பணம் ஒதுக்க முடியாத தாய், "என் பிள்ளைக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லையே" என்று மனம் நோகிறாள். தோட்டத்து லயத்தில் வாழ்ந்து, விடியற்காலையிற் கொழுந்து பறிக்கச் செல்லும் தாயும், கரையோரத்தில் மீன் வாடியில் வேலை செய்யும் தாயும் இவ்வாறே எண்ணுகின்றனர். அவர்கள் தம் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்ப்பாராயின், சிரட்டையும், சுளகும், பேணியும், போத்தலும், பனையோலையும், புளியங்கொட்டையும், பழஞ்சீலையும் அங்குக் கிடக்கக் காண்பர். ஒரு பிள்ளையின் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு வேண்டிய கருவிகளிற் பெரும்பாலானவை இவையே.

விளையாட்டின் அருமையை நம் முன்னோர் அறியாதவரல்லர். பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தவகை குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்துள்ளது. கைகளை ஊன்றித் தலையை நிமிர்த்தி அசையும் பருவம் செங்கீரை. இரு கைகளையும் சேர்த்துக் கொட்டும் பருவம் சப்பாணி. அடியெடுத்து வைக்கும் பருவம் வருகை. நிலவை விளையாட அழைக்கும் பருவம் அம்புலி. இவற்றின் பின்வரும் இறுதிப் பருவங்கள் முழுவதும் விளையாட்டே. ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பனவும், பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல் என்பனவும் கூறப்படும். காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் குதிரை பூட்டாமலே உருட்டிய சிறுதேரைப் பட்டினப்பாலை கூறுகிறது. பண்டிதமணி கதிரேசச் செட்டியார் தமிழாக்கிய 'மண்ணியற் சிறுதேர்' என்னும் வடமொழி நாடகத்திற்குப் பெயர் தந்ததும் ஒரு குழந்தையின் களிமண் வண்டியே. அயல்வீட்டுப் பிள்ளையின் பொன்வண்டியைக் கண்டு, தனக்கும் அதுவே வேண்டுமென அழுத அப்பிள்ளையின் துயர் இக்காலத்துப் பெற்றோருக்கும் புதியதன்று.

மேனாட்டிலும் இவ்வுணர்வு மெல்லமெல்லவே பரவியது. செருமானிய நாட்டினரான பிரெடரிக் புரோபெல் என்பார் 1837 இல் பிளாங்கன்பேர்க் என்னும் சிற்றூரில் சிறுபிள்ளைகளுக்கென ஒரு நிலையம் தொடங்கி, 1840 இல் அதற்குக் 'குழந்தைகளின் தோட்டம்' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். அவர் குழந்தைக்கென வகுத்த முதற்கருவி நிறங்கள் வேறுபட்ட ஆறு கம்பளிநூற் பந்துகளே. இத்தாலிய மருத்துவரான மரியா மொண்டிசோரி அம்மையார் 1907 இல் உரோமாபுரியின் சான் லொறென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தமது முதலாவது குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். விலையுயர்ந்த பொம்மைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், அப்பிள்ளைகள் கழுவுதல், துடைத்தல், அடுக்குதல் முதலிய மெய்யான வேலைகளையே நாடியதை அவர் கண்டார். அவ்வம்மையார் 1944 இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தமை குறிப்பிடத்தக்கது.

விளையாட்டினால் உண்மையில் நிலையான பயன் உண்டோ எனச் சிலர் ஐயுறலாம். அவ்வையத்தைத் தீர்க்கும் ஆராய்ச்சியொன்று யமேக்கா நாட்டின் தலைநகராகிய கிங்ஸ்ரனில் 1986 ஆம் ஆண்டுக்கும் 1987 ஆம் ஆண்டுக்கும் இடையில் தொடங்கப்பெற்றது. ஊட்டக் குறைவினால் உயரம் குன்றிய ஏழைக் குழந்தைகள் 129 பேரைச் சாலி கிரந்தம்-மெக்கிரெகர் என்னும் மருத்துவ அறிஞரும் அவர்தம் துணைவரும் தெரிந்தெடுத்தனர். அக்குழந்தைகள் ஒன்பது மாதம் முதல் இருபத்துநான்கு மாதம் வரையான வயதினர். ஒரு பகுதியினரின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர் வாரத்திற்கு ஒருமுறை சென்று, ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாயுடனும் பிள்ளையுடனும் இருந்து, விளையாடும் முறையைத் தாய்க்குக் காட்டினர். அவர்கள் கொண்டுசென்றவை வீட்டுக் கழிபொருள்களாற் செய்த விளையாட்டுப் பொருள்களே. இரண்டாண்டுகள் இப்பணி நடந்தது. அப்பிள்ளைகள் இருபத்திரண்டு வயதை அடைந்தபோது அவர்களது நிலைமை மீண்டும் ஆராயப்பட்டது. விளையாட்டுப் பயிற்சி பெற்றோர், அது பெறாதோரிலும் ஏறத்தாழ 25 சதவீதம் மிகுதியாக ஊதியம் ஈட்டுவது அப்போது தெரியவந்தது. இம்முடிவு 2014 இல் வெளியாயிற்று. வாரத்தில் ஒரு மணி நேரமும், சில வெற்றுப் போத்தல்களும், தாயின் கனிந்த பேச்சும் இருபது ஆண்டுகளுக்குப் பின்னரும் பயன்தந்தன. வறுமையில் வளரும் பிள்ளைக்கு விளையாட்டு மிகையன்று; உணவை அடுத்து வைத்தெண்ணத் தக்க தேவை என்பதை இது நிறுவியது.

இனி, எவ்வயதில் எவ்விளையாட்டுப் பொருந்தும் என்பதனை முறையே காண்போம்.

பிறந்த குழந்தைக்கு முதல் விளையாட்டுப் பொருள் தாயின் முகமே. முதல் வாரங்களிற் குழந்தையின் கண் அண்மையில் உள்ளவற்றையே தெளிவாகக் காணும். பாலூட்டும் தாயின் முகம் அத்தொலைவிலேயே அமைந்திருக்கிறது. குழந்தை எழுப்பும் ஒலியைத் தாய் திருப்பி ஒலித்து, சற்றே பொறுத்திருந்தால், குழந்தை மீண்டும் ஒலிக்கும். இருவர் மாறிமாறிப் பேசும் உரையாடலின் முதற்பாடம் இதுவேயாகும். தாலாட்டும், நிறச்சீலைத் துண்டுகளைக் கயிற்றிற் கட்டி எட்டாத உயரத்தில் ஆடவிடுவதும் இப்பருவத்துக்குப் போதியன. விழித்திருக்கும் நேரத்திற் பாயிற் குப்புறக் கிடத்தி, அருகில் பெரியோர் ஒருவர் இருந்து பேச்சுக்கொடுத்தால், குழந்தை தலையை நிமிர்த்தப் பழகும். கழுத்தும் தோளும் வலுவடையும். செங்கீரைப் பருவத்துக்கு இதுவே ஆயத்தம்.

இருக்கத் தொடங்கிய குழந்தைக்கு ஒரு கடகம் போதும். எலினோர் கோல்ட்ஷ்மீட் என்னும் ஆங்கிலேயக் கல்வியாளர் இதனைப் 'புதையற் கூடை' என்று அழைத்தார். மரக்கரண்டி, வெள்ளிப் பேணி, தும்புத் துண்டு, பெரிய எலுமிச்சம்பழம், சிறு துவாய், அழுத்தமாகத் தேய்த்த சிரட்டை என்றிவ்வாறு தொட்டால் வெவ்வேறாக உணரப்படும் பொருள்கள் பத்துப் பன்னிரண்டைக் கடகத்தில் இட்டுக் குழந்தையின் முன் வைத்தல் வேண்டும். எலுமிச்சையின் குளிர்ச்சியும் மணமும், பேணியின் பாரமும் ஒலியும், தும்பின் சுரசுரப்பும் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் மூக்குக்கும் தனித்தனிப் பாடங்கள். தாய் அருகில் இருந்து பார்த்திருந்தாற் போதும். "இதை எடு, அதை எடு" என்று ஏவவேண்டுவதில்லை.

எட்டு மாதமளவில் மற்றொரு விளையாட்டு இனிக்கத் தொடங்கும். ஒரு கரண்டியைத் துவாயின் கீழ் மறைத்தால், அதுவரை அதனை மறந்துவிட்ட குழந்தை, இப்போது துவாயை இழுத்துத் தேடும். கண்ணுக்கு மறைந்த பொருள் இல்லாமற் போய்விடவில்லை என்னும் அறிவு அதற்குப் பிறந்துவிட்டது. சுவிற்சர்லாந்து அறிஞரான பியாஜே தம்முடைய மூன்று பிள்ளைகளையும் குழந்தைப்பருவத்தில் உற்றுநோக்கி இவ்வளர்ச்சியை விளக்கினார். முகத்தைச் சேலைத்தலைப்பால் மறைத்துக் காட்டும் அப்பாச்சி, அந்நூல்களைப் படியாமலே அவ்வறிவை வளர்க்கிறார்.

ஒரு வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைக்கு இடுதலும் எடுத்தலுமே பெருந்தொழில். வாயகன்ற பேணியொன்றும், உடுப்புக் கொழுவும் கிளிப்புகள் சிலவும் கொடுத்தால், அரைமணி நேரம் அவற்றைப் போட்டும் கொட்டியும் விளையாடும். ஒன்றனுள் ஒன்று அடங்கும் மூன்று சட்டிகள் பெரிது, சிறிது என்னும் வேறுபாட்டைக் கையினாற் கற்பிக்கும். பிளாத்திக்குப் போத்தலிற் சில கற்களையிட்டு மூடியைப் பசையால் இறுக ஒட்டினால் அது கிலுக்கு. நுங்கு குடித்தெடுத்த கோம்பைகள் இரண்டை ஒரு தடியினாற் கோத்து, கவைக்கோலொன்றினால் தள்ளினால் அது வண்டில். பழஞ்சீலையைச் சுருட்டி நூலாற் சுற்றினால், கண்ணாடியை உடைக்காத பந்து. கமுகமட்டையில் இருத்தி அண்ணன் இழுத்துச் சென்றால் அது தேர். இப்பருவத்திற் பிள்ளையின் உடலே பெரும்பகுதி கற்கிறது. ஆதலின் ஓடவும், ஏறவும், தள்ளவும், இழுக்கவும் இடம் வேண்டும்.

மூன்று வயதுக்குப் பின்னர் பிள்ளையின் உள்ளத்திற் புதியதோர் ஆற்றல் தோன்றுகிறது. தென்னைமட்டையைக் காலிடையிற் கொண்டு ஓடும் சிறுவன் அது குதிரையன்று என்பதை நன்கறிவான். அறிந்தும் அதனைக் குதிரையெனக் கொள்கிறான். ஒரு பொருள் மற்றொன்றைக் குறிக்கலாம் என்னும் இவ்வறிவின் அருமையை உருசிய அறிஞரான வைகொட்ஸ்கி எடுத்துக்காட்டினார். 'அ' என்னும் வரிவடிவம் ஓர் ஒலியைக் குறிக்கும் என்று பின்னொருநாள் ஏற்கப்போகும் உள்ளம், மட்டையைக் குதிரையாய் ஏற்ற அதே உள்ளமாகும். ஆகையால், மணற்சோறு ஆக்குவதும், கடை வைப்பதும், வைத்தியராய் வேடங்கொள்வதும் எழுத்தறிவுக்குப் புறம்பானவையல்ல, அதற்கு அடியிடுபவை.

கடை விளையாட்டொன்றையே எடுத்துக்கொள்வோம். இரு சிரட்டைகளை ஒரு தடியின் இரு முனைகளிலும் நூலாற் கட்டி, நடுவிற் பிடித்தால் தராசு ஆயிற்று. பூவரசம் இலைகள் காசு. மணல் சீனி, கற்கள் உருளைக்கிழங்கு. விற்பவன் நிறுக்கிறான், வாங்குபவள் விலை குறைக்கக் கேட்கிறாள். கூடுதல், குறைதல், சமன் என்னும் கணிதக் கருத்துகளும், மரியாதையாகப் பேசும் வழக்கமும், தன் முறைக்குக் காத்திருக்கும் பொறுமையும் அங்கு ஒருங்கே பழக்கப்படுகின்றன. இறுதியிற் கூறியதே முதலாம் வகுப்பு ஆசிரியர் ஒருவர் புதிய பிள்ளையிடம் முதலில் தேடும் பண்பாகும்.

நீர் விளையாட்டும் இத்தகையதே. அகன்ற சட்டியில் நீர் நிறைத்து, கல், ஆணி, இலை, சிரட்டை, தேங்காய் என்பவற்றை ஒவ்வொன்றாய் இடச்செய்து, "இது தாழுமா, மிதக்குமா?" என முன்னரே கேட்டல் வேண்டும். சிறு கல் தாழ, பெரிய தேங்காய் மிதப்பதைக் கண்ட பிள்ளை வியந்து, "ஏன் அம்மா?" என்று கேட்கும். உடனே விடைகூறிவிடத் தேவையில்லை. "வேறு எது மிதக்கும், பார்ப்போம்" என்றால் ஆராய்ச்சி தொடரும். ஒல்லியான போத்தலிலிருந்து அகன்ற கிண்ணத்திற்கு நீரை ஊற்றினால், நீர் குறைந்துவிட்டதென நான்கு வயதுப் பிள்ளை கூறும். இது மந்தபுத்தியன்று. உருவம் மாறினும் அளவு மாறாது என்னும் உண்மை பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏழு வயதளவிலேயே விளங்குகிறது என்பதைப் பியாஜே காட்டினார். அதுவரை அதட்டித் திருத்துவதாற் பயனில்லை. ஊற்றி ஊற்றிப் பார்க்கவிடுவதே வழி.

எண்ணைக் கற்பிக்கப் புளியங்கொட்டையும் பல்லாங்குழியும் உள்ளன. குழியொன்றுக்கு ஒரு கொட்டையாக இட்டுச் செல்லும் கை, எண்ணுதலின் இரகசியத்தைக் கண்டுகொள்கிறது. "வீட்டில் ஐந்து பேர், ஐந்து கோப்பை எடுத்து வா" என்று தாய் கூறுவதும் அப்பாடமே. 'ஒன்று, இரண்டு' என்று நூறுவரை ஒப்புவிக்கும் பிள்ளையிலும், ஐந்து கோப்பையைப் பிழையின்றிக் கொண்டுவரும் பிள்ளையே எண்ணறிந்த பிள்ளை.

மொழிவளத்துக்கு ஒரு படக்கொப்பி செய்யலாம். பழைய நாட்காட்டி, செய்தித்தாள், சவர்க்காரப் பெட்டி என்பவற்றிலுள்ள படங்களை வெட்டி, கோதுமை மாவைக் காய்ச்சிய பசையினால் பழைய கொப்பியின் தாள்களில் ஒட்டல் வேண்டும். ஒவ்வொரு படத்தைப்பற்றியும் பிள்ளை கூறும் ஒரு வசனத்தைத் தாய் அதன் கீழ் எழுதி, பின்னர் விரல்வைத்துப் படித்துக் காட்டினால், தான் பேசியது எழுத்தாகி மீண்டும் பேச்சாகும் விந்தையைப் பிள்ளை காணும். எழுதத் தெரியாத தாயும் கதை கூறலாம். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் சிறுவர்க்கென யாத்த பாடல்களும், பாட்டிமார் வாய்வழி வந்த கதைகளும் காசு கேட்பனவல்ல. 2022 மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டபோது, கைவிளக்கின் ஒளியிற் சுவரில் மானும் நாயும் பறவையும் நிழலாய் ஆடிய வீடுகளும் இருந்தன. அவ்விளையாட்டுக்கு இருள் ஒன்றே மூலதனம்.

செடி வளர்த்தலும் நல்லதொரு விளையாட்டு. இரண்டு சிரட்டைகளில் ஈரமண் இட்டு, ஊறவைத்த பயறு சிலவற்றைப் புதைத்து, ஒன்றை வெயிலிலும் மற்றொன்றை இருண்ட அலுமாரியிலும் வைக்கலாம். சில நாட்களில், வெளியில் வளர்ந்தது குறுகிப் பசுமையாயும், இருளில் வளர்ந்தது வெளிறி நெடிதாயும் நிற்கும். ஒளியின்றிப் பசுமை இல்லை என்னும் பாடத்தைப் பிள்ளை மறவாது.

இவ்விடத்து ஒரு பெரும் பிழையைச் சுட்டுதல் அவசியமாகிறது. மூன்று வயது நிறையுமுன்னரே பென்சிலைக் கையில் திணித்து, கோடிட்ட கொப்பியில் எழுத்துகளைப் பத்துத்தரம், இருபதுதரம் எழுதச்செய்யும் வழக்கம் நம்மிடையே பெருகி வருகிறது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பற்றிய அச்சம் பாலர் வகுப்புவரை இறங்கிவிட்டது. மணிக்கட்டின் சிற்றெலும்புகள் பிறப்பில் வெறும் குருத்தாகவே இருந்து, ஆண்டுதோறும் ஒவ்வொன்றாய் முற்றுகின்றன. முதிராத கையை வருத்தினால் எழுத்து வருவதில்லை. எழுத்தின்மேல் வெறுப்பே வரும். ஏடு தொடக்கும்போது நம் முன்னோர் அரிசியில் விரலால் எழுதுவித்தமை எண்ணத்தக்கது. சுளகில் மணலைப் பரப்பி விரலால் வரையவும், களிமண்ணைப் பிசையவும், கீரை ஆயவும், பயற்றிற் கல் பொறுக்கவும், மணி கோக்கவும் பழகிய விரல்கள் உரிய காலத்திற் பென்சிலைத் தாமே செவ்வனே பற்றும். களிமண் கிடையாத இடத்தில், இரண்டு கோப்பை கோதுமை மாவுடன் ஒரு கோப்பை உப்பும், ஒரு கரண்டி எண்ணெயும், வேண்டிய அளவு நீரும் சேர்த்துப் பிசைந்தால் நல்ல பதமான மா கிடைக்கும். மஞ்சளும் பீற்றூட்சாறும் அதற்கு நிறந்தரும். இம்மாவில் உப்பு மிகுதியாதலால் பிள்ளை அதனைத் தின்னாதவாறு பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

மற்றொரு பிழை கைத்தொலைபேசி. அழும் பிள்ளையை அடக்க அது எளிய வழியாய்த் தோன்றுகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள்பற்றி உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டல், ஒரு வயதினர்க்குத் திரை வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயதினர்க்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது என்றும் கூறுகிறது. ஒரு வயது முதல் நான்கு வயது வரையினர் நாளொன்றுக்கு 180 நிமிடமாவது உடலை அசைத்து இயங்கவேண்டும் என்பதும் அதன் கருத்து. திரையிலுள்ள உருவம் பிள்ளையின் கேள்விக்கு விடை கூறாது. பிள்ளை மௌனமானால் அது காத்திருப்பதுமில்லை. கிளித்தட்டு மறிக்கும் அக்காமாரின் பின்னே ஓடித்திரியும் சிறுபிள்ளை, எவரும் சொல்லிக்கொடாமலே அவ்வளவு அசைவையும் பெற்றுவிடுகிறது. சிரட்டைகள் இரண்டில் துளையிட்டுக் கயிறு கோத்து, அவற்றின்மேல் ஏறிக் கயிற்றைப் பிடித்து நடப்பதும் உடலைச் சமன்செய்யப் பழக்கும் சிறந்த விளையாட்டு.

வீட்டுப் பொருள்களால் விளையாடும்போது கருத்திற் கொள்ளவேண்டிய எச்சரிக்கைகளும் உள. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் கையில் புளியங்கொட்டை, கச்சான், சோகி, பொத்தான், மணி முதலிய சிறுபொருள்களைக் கொடுத்தலாகாது. அவை மூச்சுக்குழலை அடைக்கும். செந்நிற அழகினாற் பிள்ளையைக் கவரும் குன்றிமணி கொடிய நஞ்சுடையது. மஞ்சள் அலரியின் விதை இதயத்தைத் தாக்க வல்லது. ஊமத்தங்காயும் ஆமணக்கு விதையும் அத்தகையனவே. எத்தனை வயதாயினும் இவை விளையாட்டுக்கு உரியனவல்ல. பொலித்தீன் பை மூச்சை அடைக்கும். சிறு வட்ட மின்கலத்தைப் பிள்ளை விழுங்கினால், அது சில மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். ஆதலின் சிறிதும் தாமதியாது வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். நீர் விளையாட்டில் பெரியோர் ஒருவர் கணமேனும் அகலலாகாது. ஒரு சாண் நீரும் சிறுபிள்ளைக்கு ஆபத்தாகும். விளையாட்டு முடிந்ததும் சிரட்டைகளையும் பேணிகளையும் கவிழ்த்து வைத்தல் வேண்டும். நீர் தேங்கினால் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பு அங்கே பெருகும். அவ்வாறு கவிழ்த்து அடுக்குவதையும் பிள்ளையே செய்யுமாயின், அதுவும் ஒரு பாடமாகும்.

இத்துணையும் கேட்ட தாய் ஒருத்தி, "பொருள் இருக்கிறது, நேரம் எங்கே?" என வினவலாம். அது நியாயமான வினாவே. அதற்கு விடை, தனியே நேரம் ஒதுக்காமலே விளையாட்டை வேலையுடன் இணைக்கலாம் என்பதாகும். உடுப்புத் தோய்க்கும்போது பிள்ளைக்கும் ஒரு கைக்குட்டை கொடுக்கலாம். உலர்ந்தவற்றை மடிக்கும்போது, "அப்பாவின் உடுப்பு எது, தம்பியின் உடுப்பு எது?" என்று பிரிக்கச் செய்யலாம். கிணற்றடியிலிருந்து வரும்போது வழியிற் கண்ட பூவின் நிறத்தைக் கேட்கலாம். தாய் தொழிலுக்குச் செல்லும் வீட்டில் அப்பாச்சியோ, மூத்த பிள்ளையோ, தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பராமரிப்பவரோ இதனைச் செய்யலாம். தந்தைமாரும் இதற்கு விலக்கல்லர். மாலையிற் கால்மணி நேரம் மட்டைக்குதிரைக்கு எதிர்க்குதிரையாய் ஓடும் தந்தையின் மதிப்புக் குறைந்துவிடாது. யமேக்கா நாட்டிற் பயன்தந்தது வாரத்துக்கு ஒரு மணி நேரப் பயிற்சியும், அதனைக் கற்றுக்கொண்ட தாய் ஏனைய நாள்களிற் பிள்ளையோடு அளவளாவிய சிறுசிறு பொழுதுகளுமே.

பெரியோர் செய்யத்தக்கது மூன்று. இடமும் பொருளும் கொடுத்தல் ஒன்று. பிள்ளை செய்வதைப் பார்த்து, அதன் பெயரைச் சொல்லி, கேட்டதற்கு விடைகூறுதல் இரண்டு. தேவையின்றித் தலையிடாதிருத்தல் மூன்று. இவற்றுள் மூன்றாவதே கடினமானது. பிள்ளை கட்டிய மணல்வீடு கோணலாயிருக்கிறதென்று தாம் திருத்திக் கொடுக்கும் பெற்றோர், வீட்டை நேராக்கினாலும் கட்டியவனின் ஊக்கத்தைச் சரித்துவிடுகின்றனர்.

ஐக்கிய நாடுகள் சபை 1989 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சாசனத்தின் 31 ஆம் உறுப்புரை, விளையாடுவதைப் பிள்ளையின் உரிமையெனக் கூறுகிறது. இலங்கை 1991 இல் அச்சாசனத்தை ஏற்று உறுதிசெய்தது. நாடுகள் ஒப்பமிட்ட அவ்வுரிமையைப் பிள்ளைக்கு வழங்குவதும் மறுப்பதும் நாள்தோறும் நடப்பன வீட்டு முற்றத்திலேயே. நாளைக் காலை ஒரு தாய் தேங்காய் துருவியபின் சிரட்டையை அடுப்பில் இடுமுன் சற்றே நின்று, அதனைக் கழுவித் தேய்த்துத் தன் பிள்ளையின் கையிற் கொடுப்பாளாயின், அன்றே அவ்வீட்டில் ஒரு பள்ளி தொடங்கிவிடும்.